அப்புறம் என்றொரு ஃபோல்டர்

கஞ்சிக்கோட்டில் ஏறினால்
கோவைக்குள் ஒரு கட்டுரையை முடித்துவிடலாம்,
வாளையாற்றுக் காட்டில் சிக்னல் போகாமலிருந்தால்.
போகும்.
தண்டவாளத்தில் யானை என்று ரயில் ஊர்கிற நாளில்
இரண்டாம் படத்தின் விளக்கம்வரை வந்துவிடுவேன்.
எழுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோன மூன்றாவதுக்கு
மதுக்கரை வரவேண்டும்.

ராத்திரி ஒரு மணிக்கு அமெரிக்கா அனுப்புகிறது.
விடியுமுன் சீனா.
புது அசெம்ப்ளி, புது அல்காரிதம்,
போன மாதம் நான் முக்கி முக்கிக் கற்றுக்கொண்ட அல்காரிதம்
ஏன் தப்பு என்று பதினெட்டுப் பக்கம்,
பிற்சேர்க்கை தனியாக நூற்றுப் பத்து.
தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து வேண்டியிருந்தது.
உடம்பு நாலே எழுத்தில் எழுதிக்கொள்கிறது,
படிக்கத்தான் ஆளில்லை.
தலைப்பைப் படிப்பேன். சுருக்கத்தில் பாதி.
பிறகு இழுத்து
'அப்புறம்' என்ற ஃபோல்டரில் போடுவேன்.
அதில் இப்போது ஆயிரத்து முந்நூற்று நான்கு.
பக்கத்து சீட் ரெஜி சொல்வான்:
"உன்னோடது பரவால்ல,
என் ஃபோல்டர் பேரு ரிட்டயர்மென்ட்."

முந்தாநாள்
வேறெதையோ தேடப்போய் ஒன்றைத் திறந்தேன்.
பத்துக் குடும்பம், நாலு நாடு.
மூன்றாம் அட்டவணை, ஏழாம் வரி,
ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ.
பஸ்ஸில் போகையில்
பழைய வாடகை வீடு கண்ணில் பட்டதுபோல் இருந்தது.
எனக்குத் தெரிந்த இடம்.

இரண்டு வருஷம் முன்னால் நான் எழுதிய ரிப்போர்ட்:
சுஹைல், வயது நான்கு, புதுநகரம்.
காய்ச்சல் வந்தால் நடை தள்ளாடுகிறது.
மாற்றம் ஒன்று உண்டு,
அதன் பொருள் தெரியவில்லை.
கீழே என் கையெழுத்து.
பொய்யில்லை.
அன்றைக்கு அது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

கட்டுரை சொல்கிறது, காரணம் இதுவேதான்.
கட்டுரை சொல்கிறது, இரண்டு வைட்டமின்,
சீக்கிரம் தொடங்கினால் நடை திரும்புகிறது.
'சீக்கிரம்' என்ற சொல்லுக்கு
ஒரு வரைபடமே போட்டிருந்தார்கள்,
மாதம் ஏற ஏறக் கீழே இறங்கும் கோடு.
வெளியான தேதி ஆகஸ்ட் ஒன்பது.
நான் திறந்தது மார்ச்.

அனுப்பிவைத்த டாக்டர் மஸ்கட் போய்விட்டார்.
மருத்துவமனை பெயர் மாற்றிக்கொண்டது.
திருத்திய ரிப்போர்ட்டுக்குப்
பெற்றுக்கொண்டோம் என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது.
நோயாளியை நாமே அழைக்கக்கூடாது என்பது விதி,
விதியில் அர்த்தமும் உண்டு.
ரெஜி எழுந்து
கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றான்.

படிவத்தில் இரண்டு நம்பர்,
எல்லையோரத்து வழக்கம்.
கேரள நம்பரில் ஒருத்தி மலையாளத்தில்
அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.
தமிழ்நாட்டு நம்பர் அடித்தது.

"யாரு?"

ஜீன் என்றேன், மாற்றம் என்றேன்,
அன்றைக்குத் தெரியாதது என்றேன்.
நூர்நிஷா குறுக்கே வந்தாள்:
"என்னத்தக் குடுக்கணும், அதச் சொல்லுங்க."
அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை.
பாலக்காட்டில் ஒருவர் பெயர் சொன்னேன்,
பேசி வைத்திருக்கிறேன், நாளைக்கே போங்கள் என்றேன்.
பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.
நடக்கிறானா என்று கேட்டேன்.
"செவுத்தப் புடிச்சுக்கிட்டு."

பிறகு அவள் கேட்டாள்:
"இது எப்பத் தெரிஞ்சுது?"

ஏழு மாதத்துக்கும் முந்தாநாளுக்கும் நடுவில்
கொஞ்ச நேரம் நின்றேன்.
இரண்டையும் சொன்னேன்.
அவள் என்னை எதுவும் சொல்லவில்லை.
பேனா எங்கே என்று
யாரிடமோ கேட்டாள்.

இன்றைக்கு ராத்திரி வந்தவை பத்தொன்பது.
அவற்றைத் தொடவில்லை.
அப்புறத்தின் அடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்,
சுருக்கத்தை விட்டுவிட்டு
நேரே அட்டவணைக்கு.
வாளையாறு.
சிக்னல் போகிறது, போகட்டும்.
அச்செடுத்து வந்திருக்கிறேன்.